46 வாட்

போன ஆகஸ்ட் மாதம் கோத்தகிரியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு விநாடி வினா வைத்தார்கள். யார் வைத்தார்கள் என்பது வேண்டாம், நல்ல மனசோடு வைத்தவர்கள்தான். என் மகள் எட்டாம் வகுப்பு. கடைசிக்கு முந்தைய சுற்றில் இந்தக் கேள்வி வந்தது: "இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் எங்கிருந்து ஏவப்பட்டது?" இவள் முந்திக்கொண்டு மணியை அடித்து, "கபுஸ்தின் யார், ரஷ்யா" என்றாள். கேள்வி கேட்டவர் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு "தவறு" என்றார். அடுத்த அணிப் பையன் "ஸ்ரீஹரிகோட்டா" என்றான், ஐந்து மதிப்பெண், கைதட்டல். நான் பின்வரிசையிலிருந்து எழுந்து மேடைப் பக்கம் போனேன். என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள், அப்பா மானத்தை வாங்கப் போகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டார், போனை எடுத்துத் தேடினார், கண்டுபிடித்தார். அப்புறம் அவர் சொன்னதுதான் இந்த மூன்று மாதமாக என்னை விடவில்லை. "சரிங்க, நீங்க சொல்றது கரெக்ட்தான். ஆனா ரஷ்யாக்காரன் ராக்கெட்ல, ரஷ்யாக்காரன் மண்ணுல இருந்து விட்டது எப்படிங்க நம்ம சாட்டிலைட் ஆகும்? அந்தக் கேள்வியே வேணாம், கேன்சல் பண்ணிடறேன்." கேள்வி ரத்து. இரண்டு அணிக்கும் மதிப்பெண் இல்லை.

மகள் பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் அதை மறந்துவிட்டாள். டீக்கடையில் வர்க்கியை டீயில் நனைத்துத் தின்றுகொண்டே, "விடுங்கப்பா, அஞ்சு மார்க்குதானே" என்றாள். எனக்குத்தான் விட முடியவில்லை. உண்மையாகப் பார்த்தால் அவள் பதிலிலும் ஒரு சின்னப் பிழை இருக்கிறது, 1975-இல் அது சோவியத் யூனியன். ஆனால் சண்டைக்குப் போகிற இடத்தில் நம் பக்கத்துப் பிழையை யார் சொல்வார்கள்? எனக்கு உறுத்தியது மதிப்பெண்ணும் இல்லை. "எங்கிருந்து கிளம்பியதோ அவர்களுடையது" என்று அவர் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாரே, அதற்குப் பதில் என் நாக்கு நுனி வரை வந்தது, அதற்குமேல் வரவில்லை. அங்கே நின்று விழித்துவிட்டு வந்துவிட்டேன்.

நான் விஞ்ஞானி இல்லை. கோத்தகிரியில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். சுற்று வட்டாரத் தேயிலை ஃபேக்டரிகளில் புளோயர் மோட்டார் எரிந்தால், ஸ்டார்ட்டர் இழுக்காவிட்டால், பேனல் போர்டில் புகை வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். அந்த முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டா என் வீட்டுக்குள் வந்தது புத்தகம் வழியாக இல்லை, ஒரு இரண்டு ரூபாய் நோட்டு வழியாக.

நோட்டு

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன், ரத்த உறவு கிடையாது. இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், அங்கேயே ஃபேக்டரி எஞ்சின் ரூமில் எடுபிடிப் பையனாக நுழைந்தவர். இலங்கைத் தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தில் பெயர் வந்து, தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாள் கிடந்து, அங்கிருந்து மலைக்கு வந்தவர். 1975 சித்திரையில் வந்தேன் என்பார். அந்த முகாமில் யாரோ வைத்திருந்த ரேடியோவில்தான் "இந்தியா சாட்டிலைட் விட்டிருக்கு" என்று கேட்டதாகவும் சொல்வார், சில நாள் அதை மாற்றி, இல்லை அது குன்னூர் வந்தப்புறம் கேட்டது என்பார். எது சரி என்று நான் துருவியதில்லை. ஆரியபட்டா போனது ஏப்ரல் 19, சித்திரை பிறந்து ஐந்தாறு நாள்தான் ஆகியிருக்கும், அதனால் இரண்டுக்கும் இடமிருக்கிறது.

அவர் கடையில் சாமி படத்துக்குக் கீழே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு இரண்டு ரூபாய் நோட்டு இருக்கும். முன்பக்கம் சுவரைப் பார்த்திருக்கும், பின்பக்கம்தான் நமக்குத் தெரியும். நான் பதினாறு வயதில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த நோட்டைப் பார்த்திருக்கிறேன். பட்டை பட்டையாகத் தீட்டிய வைரக்கல் மாதிரி ஒரு பெரிய உருண்டை, மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கிற கம்பிகள். முதலில் அதை ஏதோ கோயில் கலசம் என்று நினைத்தேன். மாமாதான் ஒருநாள், "அது சாட்டிலைட்டுடா, இங்க வந்து வாங்குன சம்பளத்துல வந்த நோட்டு" என்றார். அதற்கு முந்தின இரண்டு ரூபாயில் புலி இருந்ததாம். புலி போய் இந்த உருண்டை வந்தபோது கடைக்காரன் ஒருவன் செல்லாது என்று வாங்க மறுத்தானாம். "என்னையும் அப்பிடித்தான் பாத்தானுங்க" என்று சேர்த்துக்கொள்வார். இங்கே ஐம்பது வருடம் ஆகிவிட்டது, பேரப்பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள், இன்னமும் டீக்கடையில் அவரைச் 'சிலோன்காரர்' என்றுதான் அடையாளம் சொல்வார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. ஆனால் சொல்வார்கள்.

விநாடி வினாவுக்கு மறுநாள் நடந்ததை மாமாவிடம் சொன்னேன். அவர் அந்தக் கேள்வியைக் கண்டுகொள்ளவே இல்லை. "புள்ள சரியாத்தானே சொல்லிருக்கு" என்றதோடு விட்டுவிட்டார்.

கிளம்பிய இடம்

ராத்திரி கடை சாத்தினபின் தேட ஆரம்பித்தேன். நம்முடையதை விட்டுவிட்டு மற்ற நாட்டுக்காரர்கள் முதல் செயற்கைக்கோளை எங்கிருந்து விட்டார்கள் என்று பார்த்தேன். பிரிட்டனின் முதல் செயற்கைக்கோள் ஏரியல், 1962 ஏப்ரலில் அமெரிக்க ராக்கெட்டில் போனது. கனடாவின் அலுவெட் அதே வருடம் செப்டம்பரில், அதுவும் அமெரிக்க ராக்கெட்டில், கலிபோர்னியாவிலிருந்து. இத்தாலிக்காரர்களின் சான் மார்க்கோ 1964 கடைசியில், அமெரிக்கக் கரையிலிருந்து. கனடாக்காரர் யாரும் "அலுவெட் எங்களுடையது இல்லை" என்று கேள்வியைக் கேன்சல் செய்திருக்க மாட்டார்.

அதைவிட வேடிக்கை சொந்த ராக்கெட் வைத்திருந்தவர்களின் கதை. பிரான்ஸ் 1965 நவம்பரில் தன் சொந்த ராக்கெட்டில் அஸ்டெரிக்ஸ் கோளை அனுப்பியது, ஆனால் கிளம்பிய இடம் அல்ஜீரியப் பாலைவனம். அல்ஜீரியா அதற்கு மூன்று வருடம் முன்பே சுதந்திரம் வாங்கிவிட்டது. பிரிட்டன் 1971-இல் பிராஸ்பெரோவைத் தன் ராக்கெட்டில் அனுப்பியபோது அது ஆஸ்திரேலியாவின் ஊமராவிலிருந்து கிளம்பியது. எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்புட்னிக். 1957 அக்டோபர் 4, உலகத்தின் முதல் செயற்கைக்கோள், 83.6 கிலோ, அது கிளம்பின இடம் இன்றைய ரஷ்யாவிலேயே இல்லை, கஜகஸ்தானில் இருக்கிறது. ராக்கெட் நின்ற இடம் அங்கேயேதான் இருக்கிறது, அதைச் சுற்றி எல்லைக் கோடு நகர்ந்துவிட்டது. மண்ணை வைத்துக் கணக்குப் பார்ப்பதாக இருந்தால் அந்த நல்ல மனிதர் தாளில் பாதிக் கேள்வியை அடிக்க வேண்டியிருக்கும்.

இதைப் படித்தபோது எனக்கு மாமாவின் ஞாபகம் வந்தது. அவர் பிறந்தபோது அந்த நாட்டின் பெயர் சிலோன், 1972-இல் ஸ்ரீலங்கா ஆனது, அப்போதும் அவர் அதே தோட்டத்து லயத்து வீட்டில்தான் இருந்தார். இந்தியாவைப் பார்க்காமலே இந்தியர் என்று காகிதத்தில் எழுதி அனுப்பினார்கள், இங்கே வந்ததும் சிலோன்காரர் ஆகிவிட்டார்.

சரி, இதெல்லாம் வாதத்துக்குச் சரி. ஆனால் அந்த மனிதர் போனில் இன்னொன்றும் படித்திருப்பார், நானும் படித்தேன், மறைத்துப் பயனில்லை. மாஸ்கோவில் 1972 மே 10 அன்று ஒப்பந்தம் போட்டார்கள். அதன்படி ராக்கெட் அவர்களுடையது, ஏவுதளம் அவர்களுடையது. அது மட்டுமா, கோளின் மேல் ஒட்டிய சூரியத் தகடுகளும் உள்ளே இருந்த பேட்டரியும் டேப் ரிக்கார்டரும்கூட அவர்கள் கொடுத்ததுதான். பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டைக் கொட்டகையில், இதற்குமுன் ஒரு செயற்கைக்கோளைக் கட்டி அனுபவமில்லாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு யு.ஆர்.ராவ் அதைக் கட்டினார், கழிப்பறையைத் தகவல் வாங்கும் அறையாக மாற்றினார்கள் என்கிற கதையெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை வைத்து மட்டும் நெஞ்சை நிமிர்த்த எனக்குக் கூச்சமாக இருந்தது. கஷ்டப்பட்டுச் செய்தோம் என்பது ஒரு பதிலே கிடையாது. என் தொழிலில் கஷ்டப்பட்டுக் கட்டின காயிலும் எரியும்.

கோடநாட்டில் ஒரு கல்

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு கோடநாடு வியூ பாயிண்ட் போனோம். நல்ல வெயில், கீழே தெங்குமரஹாடா சின்னப் பச்சைத் துண்டாகத் தெரிந்தது, மாயாறு ஒரு நூல். அங்கே நின்றுகொண்டு அவள் கேட்டாள், "மேல போன சாட்டிலைட் ஏம்ப்பா கீழ விழல?"

எனக்கே ரொம்ப நாள் தப்பான ஒரு எண்ணம் இருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் திணறித் திணறி ஏறுவதைப் பார்த்துப் பார்த்து, மேலே ஏறுவதுதான் ராக்கெட்டின் வேலை, ஒரு உயரத்துக்கு மேல் போய்விட்டால் பூமி விட்டுவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஆரியபட்டா சுற்றின உயரம் 563 கிலோமீட்டரிலிருந்து 619 கிலோமீட்டர் வரை. தொட்டபெட்டாவை இருநூறு தடவைக்கு மேல் அடுக்கினால் அந்த உயரம் வந்துவிடும், ஆனால் அந்த உச்சியில் நின்று ஒரு கல்லை விட்டால் அது நேராகத் தொட்டபெட்டா அடிவாரத்துக்குத்தான் வரும். அங்கேயும் பூமி பிடித்துத்தான் வைத்திருக்கிறது. பக்கவாட்டு வேகம்தான் விஷயம். மகளிடம் ஒரு சின்னக் கல்லைக் கொடுத்தேன் (வீசக்கூடாது, கீழே ஆள் இருக்கும், கையில் வைத்துக்கொண்டு நினைத்துப் பார் என்றேன்). மெதுவாக வீசினால் காலடியில் விழும். வேகமாக வீசினால் தெங்குமரஹாடா. இன்னும் வேகமாக வீசினால் சத்தியமங்கலம். இப்படியே வேகத்தைக் கூட்டிக்கொண்டு போனால் ஒரு கட்டத்தில், கல் விழுகிற அளவுக்குத் தரையும் வளைந்து விலகிக்கொண்டே போகும். முதல் நொடியில் எந்தப் பொருளும் சுமார் 5 மீட்டர் விழும், பூமி சுமார் 8 கிலோமீட்டருக்கு 5 மீட்டர் வளைகிறது. அப்போது நொடிக்கு 8 கிலோமீட்டர் போகிற கல் விழுந்துகொண்டே இருக்கும், தரை மட்டும் வராது. ஆரியபட்டா இருந்த உயரத்தில் ஏழரை கிலோமீட்டர் போதும். கோத்தகிரியிலிருந்து கோயம்புத்தூருக்குப் பத்து நொடிகூட ஆகாது.

"அப்ப அது எப்பவுமே விழுந்துட்டேதான் இருந்துச்சா?" என்றாள். ஆமாம் என்றேன். கல்லைப் பையில் போட்டுக்கொண்டாள், எதற்கோ.

அந்த வேகத்தைக் கொடுத்தது காஸ்மோஸ் வகை ராக்கெட், 32 மீட்டர் உயரம், நூறு டன்னுக்கு மேல் எடை, அதில் பெரும்பங்கு எரிபொருள். ஏவுகணையாகப் பிறந்து ராக்கெட் ஆனது. அதன் இரண்டாம் கட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு வசதி உண்டு, எஞ்சினை அணைத்துவிட்டு மேலே போய் மறுபடி பற்றவைக்கலாம். அனுபவமுள்ள டிரைவர் ஒரு மூச்சு பிடித்து மேட்டில் ஏற்றி, வண்டியை உருளவிட்டு, உச்சியில் மறுபடி ஒரு அழுத்து அழுத்துகிற மாதிரி. வோல்கா ஆற்றங்கரைப் பக்கத்துப் பொட்டல் வெளியிலிருந்து, நம் நேரம் மதியம் ஒரு மணி வாக்கில், 360 கிலோ எடையை அது கொண்டுபோய்ச் சரியான இடத்தில் விட்டது. சீனாவின் முதல் கோள் 173 கிலோ, ஜப்பானுடையது 24, அமெரிக்காவுடையது 14. நம்முடையது 360. தூக்குவதற்குப் பெரிய ராக்கெட் கிடைத்ததால் வந்த எடை அது, அதையும் சொல்லிவிட வேண்டும். நம் சொந்த ராக்கெட் எஸ்.எல்.வி. 1979 ஆகஸ்டில் கடலில் விழுந்து, 1980 ஜூலை 18 அன்று ஜெயித்தபோது அதில் போன ரோகிணியின் எடை 35 கிலோ. அந்த ராக்கெட்டுக்குத் தலைமை தாங்கியவரின் ஊர் ராமேஸ்வரம் என்று மாமாவிடம் சொன்னால், "நாங்க எறங்குன ஊரு" என்பார், என்னவோ கலாமே துறைமுகத்துக்கு வந்து வரவேற்ற மாதிரி.

இதே காலத்தில் நம் மலையிலேயே ஒன்று நடந்திருக்கிறது. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு ரேடியோ தொலைநோக்கியை மலைச்சரிவிலேயே கிடத்தியிருக்கிறார்கள், 1970-இல் முடித்தது. வடக்கு தெற்காக, பதினோரு டிகிரி சாய்வில் ஒரு சரிவு வேண்டும் என்று தேடி இந்த மலையைப் பிடித்திருக்கிறார்கள். இந்த இடத்தின் அட்சரேகையும் பதினோரு டிகிரி என்பதால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகக் கிடக்கிறது, ஒரே பக்கம் திருப்பிக்கொண்டே போனால் வானத்தில் ஒரு பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். சரிவு மலை கொடுத்தது, தொலைநோக்கி அவர்கள் கட்டியது. மலைக்கு யாரும் உரிமை கேட்டு வரவில்லை.

ஐந்தாம் நாள்

இனிமேல்தான் என் தொழிலுக்குள் வருகிற விஷயம். 26 முகம் கொண்ட அந்த உருண்டையில் மேலும் கீழும் இருக்கிற இரண்டு முகத்தை விட்டுவிட்டு மீதி 24-இலும் சூரியத் தகடு. அவ்வளவும் சேர்ந்து கொடுத்த மின்சாரம் 46 வாட். முதலில் படித்தபோது பூஜ்யம் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். 46 வாட்தான். அந்தக் காலத்து அறுபது வாட் குண்டு பல்பை அதில் முழுசாக எரிய வைக்க முடியாது. இதை வைத்துக்கொண்டு அது பூமியோடு பேச வேண்டும், தன் உடம்புச் சூட்டைக் கவனிக்க வேண்டும், பேட்டரியை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு 96 நிமிடச் சுற்றிலும் கணிசமான நேரம் பூமியின் நிழலுக்குள் போகும்போது அந்த பேட்டரியில்தான் பிழைக்க வேண்டும். இதற்கு மேல் மூன்று ஆராய்ச்சிக் கருவிகள்: வானத்திலிருந்து வரும் எக்ஸ் கதிர்களைப் பார்க்க ஒன்று, சூரியனிலிருந்து வரும் நியூட்ரான், காமா கதிர்களுக்கு ஒன்று, மேல் வளிமண்டலத்துக்கு ஒன்று.

நான்கு நாள், 60 சுற்று. அப்புறம் மின்வழங்கலில் கோளாறு, மூன்று ஆராய்ச்சியும் நின்றது.

இந்த இடத்தில் எல்லாக் கட்டுரைகளும் அவசரமாக அடுத்த பத்திக்கு ஓடிவிடுகின்றன. என்னால் ஓட முடியவில்லை. மூன்று வருடம் ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்தது ஐந்தாம் நாள் நின்றால் எப்படி இருந்திருக்கும் என்பதும்கூட என் கவலை இல்லை. எனக்கு வேண்டியது எந்த லைன் போனது, எது நின்றது, எது நிற்கவில்லை என்பதுதான். ஃபேக்டரிக்காரன் போன் பண்ணினால் நான் கேட்கிற முதல் கேள்வியும் அதுதான், "எல்லாமே நின்னுச்சா, அது மட்டும் நின்னுச்சா?"

கார்த்திகை மாதத் தூறல், கரி அடுப்பில் டீத் தண்ணி கொதிக்கிறது, மாமா ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பழைய ஸ்டேட்டரில் எரிந்த கம்பியைக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தார். இப்போது வேலைக்கு வர வேண்டியதில்லை, வீட்டில் இருக்கப் பிடிக்காமல் வருவார். நான் படித்ததை ஒப்பிக்க ஆரம்பித்தேன்.

"எத்தனை வாட்டு?"

"நாப்பத்தாறு, மாமா."

சிரித்தார். "ஃபால்ட்டு எதுல?"

"ஆராய்ச்சிக்குப் போற சப்ளையில."

"மெயினு?"

"மெயின் ஓடியிருக்கு. கோளோட உடம்பு 1981 மார்ச் வரைக்கும் வேலை செஞ்சிருக்கு."

உளியைக் கீழே வைத்துவிட்டார். விரலில் எண்ணினார், எழுபத்தஞ்சு, எழுபத்தாறு என்று. "ஆறு வருசம்" என்றார். "அப்ப தனி லைனு இழுத்திருக்கானுங்க. நாப்பத்தாறு வாட்டுக்குத் தனி லைனு."

அவர் என்னைப் பார்த்தார், நான் அடுப்பைப் பார்த்தேன். ஏனென்றால் எங்கள் இருவருக்கும் ஒரே ராத்திரிதான் ஞாபகம் வந்திருக்கும். நான் தனியாகக் கடை போட்ட புதிதில் ஒரு ஃபேக்டரிக்கு வயரிங் செய்தேன். செலவைக் குறைத்துக் காட்டி வேலையைப் பிடிக்கிற அவசரம். புளோயர் மோட்டார் போகிற லைனிலிருந்தே விளக்குக்கும் ஸ்டார்ட்டர்களின் கண்ட்ரோலுக்கும் எடுத்துவிட்டேன். எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. ஒன்பதாம் மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு, சீசன் நேரம், தொட்டி நிறைய இலை, ஒரு புளோயர் மோட்டாரில் ஈரம் இறங்கி ஷார்ட் ஆகி, அதோடு ஃபேக்டரி முழுக்க இருட்டு. இலையை நசுக்கிக் கிழிக்கிற சி.டி.சி. ரோலர் முன்னால் ஆள் நிற்கிறது, உருளை வேகம் அடங்கவில்லை, ஒரு வெளிச்சம் கிடையாது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம். மாமாதான் ஜீப் பிடித்து என்கூட வந்தார், டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார், விடியும் வரை ஒரு வார்த்தை திட்டவில்லை. விடிந்தபின் பேனலைத் திறந்து காட்டி ஒன்றே ஒன்று கேட்டார், "இது யாரு கட்டுன பேனலு?" நான்தான் மாமா என்றேன். "ம்" என்றார்.

அந்த 'ம்' இந்தக் கார்த்திகைத் தூறலில் மறுபடி கேட்டது. விநாடி வினாக்காரருக்குச் சொல்ல வேண்டிய பதில் அப்போதுதான் எனக்குக் கிடைத்தது, மூன்று மாதம் லேட்டாக. ரஷ்யாக்காரன் ராக்கெட் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது. கோளாறு வந்தது நாம் கட்டிய கலத்துக்குள். ஐந்தாம் நாள் பதில் சொல்ல வேண்டியவர்கள் பெங்களூரில் இருந்தார்கள், வோல்கா கரையில் இல்லை. யாருடைய பேனல் என்று ஃபேக்டரியில் யாரும் ரசீதைப் பார்த்துக் கேட்பதில்லை, ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்கு போன் போகிறதோ அவனுடைய பேனல். பழுது எவனுடையதோ சாமானும் அவனுடையது. ஒரு கிளை போனபோது மரம் சாயாமல் நின்றதே, அந்தப் புத்தியும் அதே கணக்கில்தான் வரும். நாடே பார்த்துக்கொண்டிருக்கிற முதல் கோளில், இருப்பதே 46 வாட்டில், எது போனாலும் எது போகக்கூடாது என்று முன்கூட்டியே யோசித்து ஒருவர் கோடு கிழித்திருக்கிறார். அவர் யார் என்று எங்கும் படமில்லை. இருந்தால் அந்த நோட்டுக்குப் பக்கத்தில் மாட்டுவேன்.

நம் அடுத்த செயற்கைக்கோள் பாஸ்கராவும் 1979 ஜூனில் அதே கபுஸ்தின் யாரிலிருந்துதான் போனது, அதைப் பற்றி யாரும் யாருடையது என்று கேட்டதாகத் தெரியவில்லை. ஆரியபட்டா பேச்சு நின்றபின்னும் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த உயரத்திலும் காற்று கொஞ்சம் மிச்சமிருக்கிறது, அது உரச உரச மெல்ல மெல்லக் கீழே இறங்கி, 1992 பிப்ரவரியில் வளிமண்டலத்துக்குள் நுழைந்து எரிந்துவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், தொண்ணூறாயிரம் சுற்றுக்கு மேல் வருகிறது. அதன் பாதை பூமத்திய ரேகைக்கு 50.7 டிகிரி சாய்வு, அப்படியென்றால் நம் மலைக்கு மேலேயும் எத்தனையோ தடவை போயிருக்கும். நான் பள்ளிக்கூடம் போன காலம் அது, ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. 1992-இல் அந்த நோட்டு அடிப்பதுகூட நிற்கவில்லை. உருண்டை எரிந்து சாம்பலான பிறகும் அதன் படம் கை மாறிக்கொண்டிருந்தது.

இதை மாமாவிடம் சொன்னபோது, "நான் அப்பவே நோட்டை மாட்டிட்டேன்" என்று மட்டும் சொன்னார், ஸ்டேட்டரை மறுபடி எடுத்துக்கொண்டார்.

போன வாரம் டானிங்டன் தாண்டி ஒரு ஃபேக்டரியில் புதுப் பேனல் வேலை. விளக்குக்கும் கண்ட்ரோலுக்கும் தனியாக லைன் பிரித்து, தனித்தனி பிரேக்கர் வைத்து எழுதிக் கொடுத்தேன். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எஸ்டிமேட்டை ஒவ்வொரு வரியாகப் படித்தார். "இது எதுக்குங்க எக்ஸ்ட்ரா ரெண்டு? எல்லாம் ஒரே கரண்டுதானே?" என்றார். ஆரியபட்டாவிலிருந்து ஆரம்பிக்கலாமா என்று வாய் வரை வந்தது. அவருக்கு டிரையர் பக்கம் வேறு வேலை இருந்தது. "இருக்கட்டும் சார், நானூறு ரூபாய்தான் வித்தியாசம்" என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.